பதினைந்தாவது பிள்ளை

குருமண்வெளித் துறையில்
பாதை வரும்வரை நிற்கிறேன்.
வாவியில் மிதந்து வரும் இரும்புத் தட்டுக்கு
எங்கள் பக்கம் பாதை என்றுதான் பேர்.
தோளில் பொலித்தீன் பை,
பைக்குள் வரவு இடாப்பு, மூன்று வவுச்சர்,
துறையடிப் பாக்கியராசா கடைக் கொப்பி.

காலையில் கடந்து வந்தேன்.
களுவாஞ்சிக்குடியில் ஒரு கையொப்பம்,
அதற்கு மேலே இன்னொரு கையொப்பம்,
மூன்றாமவர் திருகோணமலைக் கூட்டத்துக்குப் போய்விட்டார்.
"காசு வந்திட்டு டீச்சர்,
எங்களிட்டத்தான் இன்னும் வரல்ல" என்றார் லிகிதர்.
பஸ்ஸில் வரும்போது முழுக்க
அந்த வசனத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன்.
இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

மாகாணம் எனக்குத் தருவது மாதம் ஆறாயிரம்.
மார்கழிக்குப் பிறகு காணவில்லை.
பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு
பிரதேச செயலகம் சுற்றி வரும்,
அது வேறு பைல், வேறு நிறம்.
கட்டடம் கிராம அபிவிருத்திச் சங்கத்தினுடையது.
கூரை ஒரு தொண்டு நிறுவனம் போட்டது,
மழைக்கு நனையாமல் இருப்பது
அவர்களுடைய பெயர்ப்பலகை மட்டும்.
கதிரைகள் பிரதேச சபை.
வெண்கட்டி நான்.

பெற்றார் தரவேண்டியது முந்நூறு.
"வேளாமை வெட்டினாத் தாறன் டீச்சர்"
என்றார் துவாரகேசனின் தகப்பன்.
வெட்டினார்.
ஒரு மரைக்கால் நெல்லாகவே கொண்டுவந்து வைத்தார்.
பற்றுச்சீட்டில் நெல்லுக்கு நிரல் இல்லை.

போன ஆவணியில் யானை வந்து
சமையல் கொட்டிலைச் சாய்த்து
பயறு மூட்டையைக் காலி செய்துவிட்டுப் போனது.
இழப்புப் படிவத்தில் 'பொறுப்பானவர்' என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.
அதற்காகவே திருப்பி அனுப்பினார்கள்.
மறுகா என் பெயரை எழுதினேன்.

சுற்றுநிருபத்தின்படி
பதினைந்து பிள்ளை இருந்தால்தான் சாப்பாடு.
குறைந்தால் அருகிலுள்ள நிலையத்தோடு இணைக்குமாறு.
அருகிலுள்ளது நாலு கிலோமீற்றர்,
நடுவில் குளக்கட்டு, பின்னேரமானால் யானை.

தையில் பதினாறு பேர்.
யதுசியாவின் தாய் குவைத்துக்குப் போக
பிள்ளை செங்கலடிச் சின்னம்மாவிடம் போனாள்.
கபிலாசின் வீட்டார் இரவோடு இரவாக எங்கோ போனார்கள்,
சீட்டுக்காசுப் பிரச்சினை என்று கதை.
புதன்கிழமை எண்ண வருகிறார்கள் என்றதும்
செவ்வாய் இரவு இடாப்பை விரித்து வைத்தேன்.
பேனையைத் திறந்தேன்.
மூடினேன்.
தெருநாய் குரைத்துக்கொண்டே இருந்தது.

விடிந்ததும், நான் எதுவும் கேட்காமலே,
பவிஸ்ணாவின் தாய்
சின்னவனையும் தூக்கி வந்து வரிசையில் இருத்தினாள்.
இரண்டு வயது எட்டு மாதம்.
சேட்டு உண்டு, காற்சட்டை இல்லை, வாயில் விரல்.
தலை தலையாக எண்ணி வந்த உத்தியோகத்தர் குகநேசன்
பதினாலில் நின்றார்.
அவனுக்கு முன்னால் குந்தினார்.
"எத்தின வயசு மனே?"
வாயிலிருந்த விரலை எடுத்து,
ஈரம் சொட்டச் சொட்ட,
அந்த ஒன்றையே காட்டினான்.
"மூண்டெண்டு சொல்லுடா" என்றாள் அக்காக்காரி
முழு வகுப்புக்கும் கேட்கும் இரகசியத்தில்.

குகநேசன் சிரிக்கவில்லை.
ஏதோ எழுதினார், பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு.
கொடுத்த இலைக்கஞ்சியைக் குடித்தார்
(அதற்கும் நிரல் இல்லை).
மோட்டார் சைக்கிளை உதைத்தபடி கேட்டார்,
"எப்ப மூண்டு முடியும்?"
ஆடியில் என்றேன்.
"அப்ப ஆடியில திரும்ப எண்ணுவம்."

என்ன எழுதினாரென்று இன்றைக்கும் தெரியாது.
அலுவலகத்தில் கேட்க வாய் வந்தது,
கேட்கவில்லை.
கடைக் கொப்பியில் எழுதியிருப்பது மட்டும் தெரியும்,
சற்று முன்னர்தான் பாக்கியராசா எழுதினார்:
முட்டை 15. கடன்.

பாதை நெருங்குகிறது.
பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன்.
அண்ணன்,
கரையில இடிக்காம மெல்ல விடுங்க.