கொருக்குப்பேட்டை கேட்

சேலத்திலிருந்து புதுச்சேரிக்கு
நேர்கோட்டில் இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை.
சின்ன விமானம், நாற்பது நிமிடம்.
காலையில்தான் அடித்துக் கொடுத்தேன்,
அட்டவணைக்கு மூன்று ரூபாய்.

கேட் போட்டு அரைமணி ஆகிறது.
மணலிப் பக்கமிருந்து டேங்கர் வேகன்கள்
எண்ணெய் நாற்றத்தோடு
ஊர்கின்றன, நிற்கின்றன, ஊர்கின்றன.

அந்தப் பக்கம் மெர்லின்.
எண்பதடி இருக்கும்.
இரண்டு வேகனுக்கு நடுவே தெரிகிறாள்.
மறைகிறாள்.
ஒற்றை ரிப்பனோடு மறுபடி தெரிகிறாள்.
பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டுகிறேன்,
என்னமோ கத்துகிறாள், கேட்கவில்லை.

கேட் போடும்போது
சேலத்தில் ஏறியவர்களுக்கு
இந்நேரம் கடல் தெரிந்திருக்கும்.
பெல்ட் போடச் சொல்லியிருப்பார்கள்.

வண்டி சுத்தமாக நின்றுவிட்டது.
மீன்கூடைக்காரி முதலில் குனிந்து நுழைகிறாள்,
பின்னாலேயே சைக்கிள் ஒன்று.

இரு, மெர்லின், இரு.

புத்தகப்பையைத்
தோளிலிருந்து கழற்றுகிறாள்.