மூன்றாவது கட்டை

எல் ஆல்டோவில் வியாழக்கிழமைச் சந்தை.
நாலாயிரம் மீட்டர் உயரம்.
ஏறி வந்தவர்களுக்குத்தான் மூச்சிரைக்கும்,
இங்கேயே விளைந்த கிழங்குக்கு இல்லை.

கையில் சுகாதார நிலையத்தின் படிவம்.
குளிரில் இறுகிய பேனாவை
உள்ளங்கையில் உருட்டி உருட்டி எழுத வைத்தேன்.

"வீட்டில் படப்புத்தகம் எத்தனை?"
செனோபியா தராசைப் பார்த்தாள். "இல்லை."
"கடையில் வாங்கிய பொம்மை?"
"இல்லை."
"ஒரு நாளில் எவ்வளவு நேரம் பேசுவீர்கள்?"
சிரித்துவிட்டாள்.
"விடியலிலிருந்து பேச்சுதான்.
ஒரு அரோபா, அரை அரோபா, குறைக்கமாட்டேன், போ."
"குழந்தையோடு."
சிரிப்பு நின்றது.

பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
எனக்கு வட்டமான, அழகான கையெழுத்து.

பதினாலு மாதப் பிள்ளை
கோடு போட்ட துணியில் முடிச்சாக முதுகில் இருந்தாள்.
பேர் நைரா.
அய்மராவில் அதற்குக் கண் என்று பொருள்,
முன்பக்கம் என்றும், போன காலம் என்றும்.
கடந்தது கண்ணெதிரே கிடக்கிறதாம்,
வரப்போவதுதான் முதுகுக்குப் பின்னால்.
என் அப்பாவின் மொழி. நகரத்துப் பள்ளியில் தொலைத்தேன்.
அன்றைக்கு ஏனோ திரும்பி வந்தது,
வருங்காலம் துணிக்குள்ளிருந்து கை நீட்டி
என் பேனாவைப் பிடுங்கப் பார்த்தபோது.

பயிற்சியில் ஒரு படம் காட்டினார்கள்.
மூளைக்குள் கிளைவிடும் நரம்புகள்.
குரலுக்கு மறுகுரல் கிடைத்த கிளை தழைக்குமாம்,
கிடைக்காதது தானே உதிருமாம்.
இந்தக் காற்றில் அதை எங்கே விரிப்பது?
"இறக்கி, முகம் பார்க்க உட்காரவையுங்கள்" என்றேன்.
"என்ன பேச அவளிடம்?"
"இந்தக் கிழங்குக்கு என்ன பேர்?"
"இதுகூடவா தெரியாது உனக்கு!"
"அவளுக்கும்தான் தெரியாது."

அடுத்த மாதம் மறியல், சாலையெங்கும் கல்.
அதற்கடுத்து எனக்கே காய்ச்சல்.
வராத காரணத்தை எழுதப் படிவத்தில் ஒரு வரி உண்டு,
அதற்குள் பிள்ளை வளர்ந்ததை எழுத இல்லை.

போனபோது நைரா கோணிமேல் இருந்தாள்.
கன்னம் வெடித்து, மூக்கு ஒழுகி,
இடுப்புவரை கிழங்கு.
ஒன்றை எடுப்பாள், அம்மா முகத்தைப் பார்ப்பாள்.
"இமில்யா." சிறுமி என்று அர்த்தம், அப்படியொரு கிழங்கு.
இன்னொன்று.
"சூன்யோ. பனியில் போட்டு, மிதித்துப் பிழிந்தது. தூக்கிப் பார்."
கல்போல இருந்தது, கல்லின் கனம் இல்லை.
பிள்ளையின் புருவம் மெல்ல மேலே ஏறியது.
சந்தையில் வேறெதையும் அந்த நேரம் நான் பார்க்கவில்லை.

"மாயா, பாயா, கிம்சா" என்று எண்ணி எண்ணிப்
பையில் போட்டாள் செனோபியா, வேண்டுமென்றே மெதுவாக.
வாடிக்கைக்காரி கத்தினாள்:
"கிழங்கு விற்கிறாயா, பள்ளிக்கூடம் நடத்துகிறாயா?"
"இரண்டும் ஒரே விலை."

பிறகு என் சோதனை.
மூன்று மரக்கட்டை, அடுக்கச் சொன்னேன்.
ஒன்றைக் கடித்தாள், பிடிக்கவில்லை, என்னிடமே தந்தாள்.
மற்ற இரண்டையும் தராசுத் தட்டில் வைத்தாள்.
பேசச் சொன்னேன்.
என் வெள்ளைக் கோட்டையே பார்த்திருந்தாள், ஒரு சொல் இல்லை.
விதிப்படி பூஜ்யம். எழுதினேன்.
செனோபியாவுக்குப் படிக்கத் தெரியாது,
ஆனால் சந்தைக்காரி, அந்த எழுத்து மட்டும் தெரியும்.
ஒன்றும் சொல்லாமல் கோணியின் வாயை மடித்துவிட்டாள்.

கேபிள் காரை நோக்கிப் பத்தடி போயிருப்பேன்.
பின்னால் தட்டில் கட்டை விழும் சத்தம்.
"மாயா."
இன்னொரு சத்தம்.
"பாயா."
அப்புறம் எதுவும் விழவில்லை.
எதையோ தேடும் மௌனம்.

கோட்டுப் பையில் கைவிட்டேன்.
எச்சில் இன்னும் காயாமல் கிம்சா.
வண்டி போனால் போகட்டும் என்று
திரும்பி நடந்தேன்.