காற்றின் மேல் போட்ட பழி

புந்தா அரேனாஸில் எதற்கும் காற்றுதான் காரணம்.
கதவு பெயர்ந்தால் காற்று,
கடிதம் வராவிட்டால் காற்று,
கல்யாணம் நின்றுபோனால்கூட.
முனைத் தெருவில் ஆட்கள் பிடித்துக் கடக்க
கயிறு கட்டியிருக்கிறார்கள்.
அந்தக் கயிற்றை விட்ட கையோடு
என் மருந்துக்கடைக்குள் வந்து விழுவார்
நிபால்டோ பர்ரியா,
இரண்டு விரலால் நெற்றிப்பொட்டை அழுத்தியபடி.
"காற்று, இவானியா.
மண்டைக்குள் புகுந்துவிட்டது.
வழக்கமான அட்டை."

நண்டு ஆலையில் கணக்கெழுதுகிறவர்.
சில்லறையை எண்ணித் தருவார்,
மாத்திரையை எண்ணியதில்லை.

ஜூன் வந்தது. காற்று படுத்துவிட்டது.
ஜலசந்தி தகடு போல அசையாமல் கிடக்க,
புகைபோக்கிகளின் புகை
நேராக மேலே போனது.
அன்றும் வந்தார், அதே இரண்டு விரல்.
"இன்றைக்கு எந்தக் காற்று?" என்றேன்.
திரும்பித் தெருவைப் பார்த்தார்.
"போன மாதத்து மிச்சம்."

கம்பெனிக்காரன் இலவசமாகத் தந்த நாட்காட்டி ஒன்று,
ஆட்டுக்குட்டிப் படம் போட்டது,
அதை அட்டையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன்.
வலித்த நாளில் எழுதுங்கள்.
என்ன தின்றீர்கள், எப்போது தூங்கினீர்கள்,
யாரோடு பேசினீர்கள்.
மாத்திரைக்கு ஒரு புள்ளி.

ஜூலை கடைசியில் கொண்டுவந்தார்.
கணக்கர் கையெழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி:

*செவ்வாய். பெட்டிக் கணக்கு இடித்தது,
மதியம் சாப்பிடவில்லை.
மூன்று மணிக்கு வலக்கண்ணுக்குப் பின்னால்.*

*ஞாயிறு. பதினொன்று வரை தூக்கம்.
வலியோடு எழுந்தேன்.
காபி குடித்ததும் போய்விட்டது.
இதை எழுத வெட்கமாக இருக்கிறது.*

*மைத்துனர் வந்தார்.
மூன்று மணி நேரம் பல்லைக் கடித்தேன்.
முதலில் தாடை, அப்புறம் தலை.*

*காற்று: இல்லை.*
*காற்று: இல்லை.*
*காற்று: கொஞ்சம். வலி: இல்லை.*

புள்ளிகளை நான் எண்ணினேன்.
பத்தொன்பது கட்டங்களில்.
எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
அவர் மொழியிலேயே சொன்னேன்:
மாத்திரை நிம்மதியைக் கடனாகத்தான் தரும், நிபால்டோ.
அடிக்கடி வாங்கினால்
வட்டியும் வலியாகவே வரும்.
அந்த வட்டியைக் கட்ட
மறுபடி மாத்திரை.

வெகுநேரம் பேசவில்லை.
தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
அவர் வழுக்கையை அன்றுதான் பார்த்தேன்.
"அசல் எவ்வளவு?" என்றார்.

அசலைக் கண்டுபிடித்தவர் டாக்டர் யுத்ரோனிச்.
அசல் என்று ஒன்றில்லை, சில்லறை சில்லறையாக நாலைந்து.
மூக்கில் இருந்தது செத்துப்போன அண்ணனின் கண்ணாடி,
பதினொரு வருடமாக,
"நல்ல சட்டம், வீணாக்குவானேன்" என்று.
மேசை விளக்கு இடமிருந்து எரிந்தது,
திரை முகத்துக்கு நேரே இல்லை,
கழுத்து நாள் முழுக்க யாரையோ
ஒளிந்து பார்ப்பது போல் திரும்பியிருந்தது.
தண்ணீர் என்றால் மாத்தே பானத்தில் இருப்பதுதானே என்று நினைத்திருந்தார்.

மாத்திரையை விட்ட முதல் வாரம்
கடை வாசல் வரை வந்து திரும்பிப் போனார், இரண்டு தடவை.
கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.
கூப்பிடவில்லை.

தலைவலி தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.
எனக்கு வந்தும் தெரியவில்லை.
ஆகஸ்டில் ஒரு நாள் கடையடைத்து விளக்கணைத்த பிறகுதான்
குழல்விளக்கு இத்தனை காலமும்
இரைந்துகொண்டிருந்தது காதில் பட்டது.
சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.
கோட்டுப் பையில் சாவியைத் தேடிய விரல்களில்
ஒரு அட்டை:
எட்டுக் குழியும் காலி.
யாரிடம் வாங்கினேன்? என்னிடம்தான்.
விற்றவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செப்டம்பரில் காற்று திரும்பியது.
கயிற்றைப் பிடித்தபடி எதிர்ப்புறம் நிபால்டோ,
புதுக் கண்ணாடி, பறக்கப் பார்க்கும் தொப்பி,
அந்த இரண்டு விரலும் தொப்பியின் விளிம்பில்.
என்னவோ கத்தினார், கேட்கவில்லை.
உள்ளே வரவும் இல்லை, போய்க்கொண்டே இருந்தார்.

மணி ஒன்றரை.
பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு,
தாடையைத் தளர்த்தி,
ரொட்டியைப் பிய்த்தேன்.
யாரோ கதவைத் தட்டினார்கள்.
காற்றாகவும் இருக்கலாம்.