அடுத்த பிறந்தநாள் யாருக்கு

எட்டாம் மாடி. மின்தூக்கி
போன மார்ச்சிலிருந்து ஓய்வெடுக்கிறது.
தெமிர்த்தாவில் அன்று பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு.
கணினிப் பலகையைக் கோட்டுக்குள் நுழைத்து
மார்போடு அணைத்தபடி ஏறினேன்.
குளிர் பட்டால் அது அணைந்துவிடும்.
நான் அணையக் கூடாது, இன்னும் ஏழு வீடு பாக்கி.

கதவைத் திறந்தவள் குன்சுலு.
"காற்றைப் பற்றியா? உட்கார், உட்கார்,
விடியும்வரை சொல்வேன்."
கெட்டில் ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தது.

விதி என்று ஒன்று இருக்கிறது, குன்சுலு.
பேச ஆசைப்படுகிறவர் அல்ல,
வீட்டில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் வருகிறதோ
அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.
அவளுக்கு வந்துபோய் ஒன்பது நாள்.
கேக் வந்த அட்டைப்பெட்டி
இன்னும் குளிர்பெட்டியின் தலைமேல்.
அடுத்தது மகனுக்கு. யெல்தோஸ், பத்தொன்பது,
காதுகளில் இரண்டு வெள்ளைக் குமிழ்.

ஒன்று என்றால் துளியும் நம்பவில்லை,
ஐந்து என்றால் முழுக்க நம்புகிறேன்.
மருத்துவர்களை?
"மூன்று."
சமையலறையிலிருந்து:
"நல்ல பெண்தான் அந்த டாக்டர்.
என் எக்ஸ்ரேயைப் பார்த்தாள்,
பிறகு ரொம்ப நேரம் சன்னலையே பார்த்தாள்."

தொலைக்காட்சிச் செய்திகளை?
"மூன்று."
"வானிலை சொல்கிறவனை நம்புவேன்.
பொய் சொன்னால் அவனும்தானே நனைவான்."

விஞ்ஞானிகளை?
"மூன்று."
"ஒருவர் வந்தார். கூரையில் ஒரு பெட்டி வைத்தார்.
பெட்டி இருக்கிறது."

விரல் அவனுடைய மூன்றின்மேல், காது அவளிடம்.
தலையாட்டாதே, புருவம் தூக்காதே,
'அப்படியா' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது:
பயிற்சியில் இரண்டு நாள் இதைத்தான் சொல்லித்தந்தார்கள்.
நான் ஆட்டவில்லை.
தேநீரை மட்டும் கொஞ்சம் சத்தமாக உறிஞ்சினேன்.

பால்கனிக் கதவு திறந்து மூடியது.
எனாமல் கிண்ணம் நிறையப் பனி கொண்டுவந்து
என் முழங்கை அருகே வைத்தாள்.
எள்ளைத் தூவியதுபோல் இருந்தது.
"இதை எந்தக் கட்டத்தில் போடுவாய்?"
'மற்றவை, குறிப்பிடுக' என்று ஒரு கட்டம் உண்டு,
நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்காது.
அதுவும் யெல்தோஸுக்கு உரியது.

மூன்று, மூன்று, மூன்று.
கிண்ணத்தில் பனி உட்கார்ந்துகொண்டே போனது.

முப்பத்தொன்றாம் கேள்வி:
உங்கள் வீட்டாரின் உடல்நலம் குறித்து
எந்த அளவு கவலைப்படுகிறீர்கள்?

ஒரு குமிழைக் கழற்றினான்.
அதிலிருந்து பாட்டுக் கசியவில்லை.
மற்றதிலும் ஒன்றும் ஓடவில்லை என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
பலகையை என் கையிலிருந்து வாங்கி,
சமையலறைக்கு அதன் முதுகைக் காட்டித் திருப்பி,
ஐந்தைத் தொட்டான்.
குமிழை மறுபடி மாட்டிக்கொண்டான்.
முப்பத்திரண்டு?
"மூன்று."

அலுவலகத்தில் அவனுக்கு எடை போட்டார்கள்.
அந்த வயதுப் பையன்கள் கதவைத் திறப்பதில்லை,
அதனால் அவன் ஒருவனே
நாலேகால் பேர்.
குன்சுலு எத்தனை பேர் என்று
நான் கேட்கவில்லை, கணக்கு எனக்கும் தெரியும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரிதான், கிளறிய பானைக்கு.
அடியில் பிடித்துக் கருகியது
கரண்டிக்கு வருவதே இல்லை,
வீடு முழுக்க வாசம் மட்டும் வரும்.

வசந்தத்தில் அறிக்கை வந்தது, வழவழத் தாளில்.
'இளைஞர்கள் நடுநிலை' என்று ஒரு தலைப்பு.
பன்னிரண்டாம் பக்கத்தில் கவலைக்கு ஒரு பட்டை,
ஆரஞ்சு நிறம்.
அதில் ஒரு மயிரிழை எது என்று எனக்குத் தெரியும்.
விரலால் தொட்டுப் பார்த்தேன். மை ஒட்டவில்லை.

அதற்கும் முன்பே,
நான் வீடு வீடாகத்தான் போனேனா,
கஃபேயில் உட்கார்ந்து நானே நிரப்பினேனா என்று
மேற்பார்வையாளர் சிலரைத் தொலைபேசியில் கேட்டார்.
எட்டாம் மாடியில் எடுத்தவள் குன்சுலு.

பெண் ஒருத்தி வந்தாளா?
"வந்தாள். தேநீர் மூன்று கோப்பை."
என்ன கேட்டாள்?
"என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
நான்தான் எல்லாம் சொன்னேன்."

அவர் 'சரிபார்க்கப்பட்டது' என்று குறித்துக்கொண்டார்.