ஏழாம் கம்பி

ஒரு விசையைத் தட்டினால் ஓர் எழுத்து வருகிறது.
அதோடு சரி.
பச்சைத் திரையின் வலது மூலையில்
நான் எழுதிய கடிகாரம் மட்டும்
நொடிக்குப் பதினெட்டு முறை, அதற்கும் கொஞ்சம் மேலே,
துடித்துக்கொண்டிருக்கிறது.
பெட்டி சாகவில்லை. காதுதான் கேட்கவில்லை.

விசைப்பலகைமேல் சந்தேகம்.
சிம் லிம் டவரில் கடையைக் காலி செய்தவர்
எண்பத்தாறாம் வருடத்துப் பெட்டியோடு
சும்மா தந்தது.
எண்பத்து மூன்று விசைகளையும் கழற்றி
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன்.
அடியில் யாரோ தின்ற பிஸ்கட் தூள்,
ஒரு மூக்குத்தித் திருகு.
திரும்ப மாட்டினேன். ஓர் எழுத்து. அதோடு சரி.

என் கர்னலுக்கு நான் சொல்லிவைத்தது இவ்வளவுதான்:
கூப்பிட்டால்
கையில் இருப்பதையெல்லாம் அடுக்கில் வை,
போ, கேள், திரும்பி வா,
கடைசியில் வைத்ததை முதலில் எடு.
இடையில் ஒருவர் வந்துபோனதே
விட்ட வேலைக்குத் தெரியக் கூடாது.

ஒன்று பத்துக்குத் தொலைபேசி.
ரோஸ்னா. "நானூற்றுப் பதினேழு, பி மின்தூக்கி, அபாய மணி."
தொண்ணூற்றிரண்டாம் வரி என்று
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
டார்ச், முக்கோணச் சாவி, வேன்.
யீஷூன் முழுக்க மழை.

நான்காம் மாடியில் கதவு தானாகவே திறந்தது.
உள்ளே யாருமில்லை.
குடை சொட்டிய ஈரம், மணிப் பொத்தானில் மிளகாய்ச் சாஸ்.
இதற்கும் கையேட்டில் இடம் உண்டு:
யாரும் கூப்பிடாமலே
ஏழாம் கம்பியில் சிலசமயம் அழைப்பு வரும். வெறும் இரைச்சல்.
அதற்கு 'முடிந்தது' சொல்லக் கூடாது.
தொடங்காததை எப்படி முடிப்பது?

நானும் சொல்லவில்லை.
கீழ்த்தள இயந்திரத்தில் ஒரு டின் காப்பி வாங்கி
மழை விடட்டும் என்று வேனில் இருந்தேன்,
தொண்ணூற்றிரண்டாம் வரியோடு.

ஒன்று ஐம்பத்தைந்து. ரோஸ்னாவின் குரல் மாறியிருந்தது.
"எங்கே இருக்கிறாய் செல்வநாயகி?
நானூற்று இருபத்தொன்றில் ஒருவர் மாட்டி நாற்பது நிமிடம்.
உன் பேருக்கு நேரே இன்னும் சிவப்பு.
முடிந்தது என்று நீ சொன்னால்தானே
அடுத்ததை உனக்கு அனுப்ப விடும்?"

இரண்டு பிளாக் தள்ளி. ஓடினேன்.
உணவு கொண்டுபோகிற பையன், ஹைருலாம்,
சம்மணமிட்டு, பையை மடியில் வைத்திருந்தான்.
கோபிக்கவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.
"வருகிறார்கள் என்றார்கள் அக்கா.
மறுபடி மறுபடி அடித்தால்
தொந்தரவாக இருக்குமே என்று விட்டுவிட்டேன்."
சோறு கேட்டவர் வேண்டாம் என்று ரத்து செய்திருந்தார்.
ஆறிப்போன கோழிச்சோற்றை
என்னிடமே நீட்டினான்.

வீட்டில் பார்த்தால்
உள்ளங்கையில் தொண்ணூறு மட்டும் மிச்சம்.
தேவைப்படவில்லை.

விசைப்பலகைக்கு 'வாங்கிக்கொண்டேன்' சொல்லியிருந்தேன்,
ஒழுங்காக, இரண்டு முறை.
என்னைக் கூப்பிட்டு அனுப்பிய சில்லுக்குச் சொல்லவில்லை.
இருபத்தெட்டுக் கால்களோடு அது
முதல் எழுத்தோடு நான் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாக நம்பி
பின்னால் வந்த எல்லோரையும்
வாசலில் நிறுத்திவைத்திருக்கிறது.
கடிகாரம் வரிசையில் மேலே இருப்பது. அதை யார் தடுப்பது?

இரண்டே வரி.
இருபதாம் வாசலில் இருபது என்ற எண்.
அதன் பொருள்: முடிந்தது, அடுத்தவரை விடு.

பையனின் பெயரைத் தட்டினேன்.
ஆறு எழுத்தும் வந்தன.
இன்னொரு முறை தட்டினேன்.

பிறகு ரோஸ்னாவைக் கூப்பிட்டேன்.
"நானூற்றுப் பதினேழு. உள்ளே யாருமில்லை. முடிந்தது."
"மணி மூன்றாகிறது," என்றாள்,
"அதை நானே எப்போதோ மூடிவிட்டேன். தூங்கு."