கால்வாசி தள்ளி

உவரிக் கடலில் தூரத்தில் ஊர்ந்து போகும்
சரக்குக் கப்பலைக் கணக்கில் எடுக்காவிட்டால்
கப்பல் எதையும் நான் பார்த்ததில்லை.
ஆனாலும் பதினோராம் தளத்தில்
இறைச்சி சுடும் கடை எந்தப் பக்கம்,
பதினாலில் கண்ணாடி ஓரம் எத்தனை மேசை,
எந்த ராத்திரி அவை ஆளில்லாமல் கிடக்கும்,
எல்லாம் மனப்பாடம்.
ஒன்பது வருசமாய்ப் போனில் கேட்டது.

அதனால்தான் திசையன்விளையில் கப்பல் டிக்கெட் எடுப்பவர்கள்
ஏஜெண்டிடம் ரசீது வாங்கிய கையோடு
எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

இன்று வந்தது மரக்கடை ஜெபமணி அண்ணாச்சி,
கூட வசந்தகனி அக்கா.
கல்யாணமாகி இருபத்தைந்து வருசம்.
சிங்கப்பூரில் ஏறி நாலு ராத்திரி.
"சாப்பாடுதான் டிக்கெட்டுலயே உண்டுல்லா,
பொறவு மேல எதுக்குத் தனிக் கடை, தனி ரூவா?"

"கீழ உள்ளது கல்யாண வீட்டுப் பந்தி அண்ணாச்சி.
மேல உள்ளது பொண்ணு மாப்பிள்ளைக்குப் போடுத இலை.
ஆளுக்கு அம்பது டாலர்.
ஆனா அந்த வெலைக்கு நீங்க சாப்பிடப்பிடாது."

ஏறினதும் நீச்சல்குளம் பார்க்க ஓடாதீங்க.
பெட்டி ரூமுக்கு வருமுன்னே அஞ்சாம் தளம் போங்க.
கழுத்தில் சிவப்புத் துணி கட்டி
ரெண்டு பிள்ளைகள் மேசை போட்டு நிக்கும்.
அன்னைக்கு ஒருநாள் மட்டும் கால்வாசி தள்ளி.
உடனே தலையாட்டிராதீங்க.
சந்தையில முருங்கைக்காய்க் கட்டுக்குக் கேக்குத மாதிரி
கேட்டுட்டு நாலடி நடங்க.
பின்னாலேயே குரல் வரும்,
மூணு கடை சேத்து எடுத்தா இன்னும் குறையும்னு.
ராத்திரிக்கு வேண்டாம், மதியத்துக்கு எழுதுங்க.
அதே அடுப்பு, அதே ஆட்டுத் தொடை, பாதி வெலை.
கல்யாண நாள்னு சொன்னா வெலை குறையாது,
கேக் வரும், ஆறு பேர் சுத்தி நின்னு கைதட்டிப் பாடுவாவ.

"ஐயோ, அது வேண்டாம்" என்றாள் அக்கா.
அண்ணாச்சி அதையும் எழுதிக்கொண்டார்,
பில் தாளின் பின்பக்கம்,
யாருடைய வீட்டுக்கோ போட்ட
தேக்குக் கன அடிக் கணக்குக்குக் கீழே.

ஒன்று மட்டும் நான் யாரிடமும் சொல்வதில்லை.
பில்லில் நூற்றுக்குப் பதினெட்டு பரிமாறுகிறவர்களுக்கு.
கால்வாசி தள்ளினால்
ஒன்பது டாலர் ஆறே முக்காலாகும்.
அதை ஏழு பேர் பிரிக்க வேண்டும்.
ஏழில் ஒருவர் என் வீட்டுக்காரர்.
கேட்டால் சிரிப்பார்:
"காலி மேசைக்கு நூத்துக்குப் பதினெட்டு எவ்வளவு, சொல்லு?"
காலையில்தான் முருங்கைக்காய்க்காரியிடம்
ரெண்டு ரூபாய் குறைத்துவிட்டு வந்திருந்தேன்.

"பொன்சிங் மாப்பிள்ளைக்கு அங்க சும்மா கிடைக்குமோ?"
"பாதி வெலை. வருசத்துக்கு ஒருக்கா.
மேனேஜர் கையெழுத்துப் போடணும்."
ஒருமுறை போட்டார்கள்.
வேட்டைக்குப் போகிறவர் போல உடுத்தி உட்கார்ந்தாராம்.
கூட வேலை பார்க்கும் கோவாக்காரப் பையன்
துணி விரித்து மடியில் வைத்தானாம்.
முதல் தட்டு முடிந்ததும்
தன்னையறியாமல் எழும்பி
தன் தட்டோடு பக்கத்து மேசைத் தட்டையும்
எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.
இதையும் நான் சொல்லவில்லை.

ரசீதை வாங்கிப் பார்த்தேன்.
அவர் கப்பல்.

"மூணுல ஒண்ணு, பதினாலாம் தளத்து இத்தாலிக் கடையா எழுதுங்க.
ரெண்டாவது ராத்திரி."
"மதியம்தான பாதி வெலைன்னு சொன்ன?"
"மதியம் அவிய அங்க நிக்க மாட்டாவ அண்ணாச்சி."

பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு, இரவு, என்று எழுதினார்.
எதிரே விலை எழுதவில்லை.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே அக்கா கேட்டாள்,
அவியகிட்ட ஏதும் சொல்லணுமா என்று.

"ஒண்ணும் சொல்லாண்டாம்.
நல்லா சாப்பிடுங்க.
மிச்சம் வச்சா
பிடிக்கலையோன்னு கேட்டுக்கிட்டே நிப்பாவ."