அது எங்கே

பன்னிரண்டு நாள் பிளாஸ்திரி.
காலையில் ஒரு துண்டுப் பூண்டு, இரவில் ஒரு துண்டு.
ஐந்தாம் நாள் எரிந்தது.
எரிந்தால் வேலை செய்கிறதென்று அர்த்தம்
என்றாள் ஜெகதாம்பிகை,
எடைப்பாலத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி.
அவள் கழுத்து மரு அப்படித்தான் போனதாம்.
மருவும் மச்சமும் ஒன்றா என்று
நான் கேட்கவில்லை.

கெண்டைக்காலில் இருந்தது எனக்கு.
பிறந்தபோது இல்லை, முப்பதுக்கு மேல் வந்தது.
முதலில் கடுகு. பிறகு புளியங்கொட்டை.
ஒரு பக்கம் மட்டும் கரை கலைந்து
சிமெண்டுத் தரையில் சிந்திய கோப்பி மாதிரி.
மச்சம் வளர்ந்தால் யோகம் வளரும் என்பார்
என் வீட்டுக்காரர் சந்திரகாசன்,
நாலு நம்பர் எழுதப் போகும் சனிக்கிழமைகளில் மட்டும்.

பூண்டோடு வினிகரும் சேர்ந்தது.
பசார் மாலாமில் பதினெட்டு ரிங்கிட்.
போத்தலில் ஆப்பிள் படம், பக்கத்தில் பச்சை இலை.
இலை போட்டிருந்தால் பயமில்லை என்று
எனக்கு யார் சொன்னது?
எருக்கம்பாலும் இலையில்தான் சுரக்கிறது.
ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்கூட
முதலில் எறும்பின் வயிற்றில் இருந்ததாம்.

பன்னிரண்டாம் நாள் குளிக்கையில்
பிளாஸ்திரியோடு கழன்று வந்தது.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்,
காய்ந்த மிளகு.
தண்ணீர் ஊற்றினேன்.
குளியலறை ஓட்டை, பின்வாசல் கால்வாய்,
அப்புறம் செம்பனைக்குள் எங்கேயோ.
அன்றிரவு மீ கோரிங் வாங்கிச் சாப்பிட்டோம்.
நாலு வருஷம் அலமாரியில் கிடந்த
முழங்கால் வரைக்கும் வரும் கவுனை
எடுத்துத் தேய்த்து வைத்தேன்.

குழி ஆறவில்லை.
சீழ் வைத்து, செருப்பு போடும்போதெல்லாம் சுண்டியது.
சுங்காய் கிளினிக்கில் என் எண் எழுபத்து மூன்று.
டாக்டர் ஹஸ்லிண்டா விளக்கைக் கிட்டே இழுத்தார்.
திட்டு வாங்கத் தயாராக இருந்தேன்.
அவர் திட்டவில்லை.
"மானா பெண்டா து, காக்?"
அது எங்கே, அக்கா?

தூக்கிப் போட்டேன் என்றேன்.
பேனாவைக் கீழே வைத்தார்.

கத்தியால் எடுத்திருந்தால்
குப்பியில் போட்டு ஈப்போவுக்குப் போயிருக்கும்.
அங்கே ஒருவர் அதை மெல்லிசாய்ச் சீவி
கண்ணாடியில் வைத்துப் படித்திருப்பார்.
நல்லதா இல்லையா,
எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது.
கடிதத்தைக் கொளுத்திவிட்டு
அதில் என்ன எழுதியிருந்தது என்று
கேட்க வந்து உட்கார்ந்திருந்தேன் நான்.

பள்ளியை விட்டபின் மூன்று வருஷம்
துரோலாக் பக்கம் பால் வெட்டியவள்தான்.
உளி பட்டையோடு நிற்க வேண்டும்.
காசு கனம் தாண்டி மரத்தைத் தொட்டால் காயம்,
காயம் பட்ட இடம் முண்டும் முடிச்சுமாய்ப் புடைக்கும்,
பிறகு அங்கே உளி ஓடாது.
இருட்டில், நெற்றி விளக்கில்,
இருநூற்றைம்பது மரத்துக்கு ஆழம் தெரிந்த கை இது.
எங்கே நிற்பதென்று
பூண்டுக்குத் தெரியுமா?

தழும்பின் ஓரத்தில் இப்போது
ஒரு கறுப்புப் புள்ளி.
பழையது திரும்புகிறதா, வேறொன்றா,
பார்த்துச் சொல்ல முடியாதாம்.
அடுத்த மாதம் பதினான்காம் தேதி ஈப்போ.
தழும்பையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள்.
மிச்சம் இருப்பது பேசினால் உண்டு.

இன்றைக்கு ஜெகதா கேட்டாள்,
பாதிப் போத்தல் மிச்சம் இருக்குமே,
மகளுக்கு, மேல் உதட்டில் ஒன்று,
தீபாவளிக்குள் போய்விட்டால் நல்லது.
நான் கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினேன்.
அவள் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

பழ லோரி பாலத்தில் ஏறி ஹார்ன் அடித்தது.
இருபத்தோரு டன், முந்நூறு கிலோ.
போகும்போது ஒரு தடவை நிறுத்துவேன்.
இறங்கியது எவ்வளவு என்று
கழித்துச் சொல்வதுதான் என் வேலை.